ரயில் மேசைக்கு ஓரம் கட்டிய கதை

எங்கள் வீட்டு முன் ஹாலில் கிடந்த சோபாவைத் தூக்கிப் பின்னறையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் என் கணவர் ஒரு மேசை போட்டார். அதில் சாப்பிட முடியாது. துணி விரித்து வெட்டவும் முடியாது. மேசை முழுக்க ரயில் ஓடியது.

அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். பதுளை பஜாரில் குடும்பத்துக்கென்று இருந்த ஹார்ட்வெயார் கடையை அவருடைய தம்பி பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். ஆறு மாசமாவது வீட்டில் அமைதியாக இருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். விடிந்தால் கடை, இருட்டினால் வீடு என்று வாழ்ந்த மனிதர் அவர். பகல் நேரத்தில் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. ஜன்னலைத் திறப்பார், மூடுவார். நான் தைத்துக்கொண்டிருக்கும் அறைக்கு வந்து, "இன்னும் முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நான் பிளவுஸ் தைக்கிறவள். கல்யாண சீசனில் நிமிர்ந்து பதில் சொல்லக்கூட நேரம் இருக்காது.

அந்த நேரத்தில்தான் லண்டனில் இருக்கும் அவருடைய அண்ணன் மகன் ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே விரல் நீளத்தில் ஓர் எஞ்சின், நாலைந்து ரயில் பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள். அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு நான் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் அவர்கள் குடியிருந்த வீடு பதுளை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. ரயில் சத்தத்தை வைத்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்வார்களாம்.

"தெமோதரையைச் செய்யப்போறேன்" என்றார்.

தெமோதரையில் ரயில் ஸ்டேஷனைத் தாண்டி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைந்து இந்தப் பக்கம் வரும். அதை அப்படியே மேசையில் செய்யவேண்டும் என்பது அவருடைய ஆசை. கடையிலிருந்து ப்ளைவுட் பலகை வந்தது. கால் அடித்தார்கள். தண்டவாளம் போட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனிதர் எழுந்து நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னைத் தொந்தரவு செய்வதில்லை. அந்தச் சந்தோஷம் மேல் வீட்டு டீச்சர் கீழே இறங்கி வரும் வரைக்கும் இருந்தது.

டீச்சர் எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். சித்திரப் பாடம் எடுப்பவர். கொழும்பில் பிறந்து வளர்ந்து, மாற்றலாகிப் பதுளைக்கு வந்தவர். புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், போவார். டீச்சருக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. ஒருநாள் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றவர், ஹாலுக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, இது தெமோதரையா?" என்று கேட்டார். என் கணவர் பெயரைச் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கிய இடம் அது. டீச்சர் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். என் கணவர் கதிரையை விட்டு எழுந்தே விட்டார்.

"நீங்க சரியாச் சொல்லிட்டீங்களே டீச்சர்!"

"மலை இல்லாமத் தெமோதரையா? மலையை நான் செஞ்சு தரட்டுமா?"

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் எங்கள் ஹாலில்தான். பழைய பேப்பரைக் கூழாக ஊறவைத்தார்கள். கம்பி வலையை வளைத்தார்கள். மலை எழும்பியது. நான் பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருப்பேன். நடுவில் ஒரு திரைச்சீலைதான். அவர்கள் சிரிக்கும்போதெல்லாம் என் கால் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிடும். என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்பேன். கேட்டால் ஒன்றும் இருக்காது. "இந்தப் பக்கம் கொஞ்சம் சரிவா வேணும்", "பசை காயட்டும்", "அந்தத் தூரிகையை எடுங்க." அவ்வளவுதான். ரகசியம் என்று ஏதாவது இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். எதுவுமே இல்லாததில்தான் எனக்கு எரிச்சல் கூடியது. என்னுடன் அவர் பேசுவதெல்லாம் மருந்து, மீன், கரண்ட் பில். 'சரிவு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

வீட்டில் இருக்கும் மனிதர் தினமும் சேவ் எடுக்க ஆரம்பித்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். காலரில் இஸ்திரிப் பெட்டியை அழுத்திய அழுத்தத்தில் பட்டன் ஒன்று உடைந்தது.

ஒருநாள் தேத்தண்ணி போட்டுவிட்டுச் சக்கையைக் கொட்டப் போனேன். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அதைக் கொட்டிறாத. டீச்சருக்கு வேணும்."

"சக்கையா?"

"காயவச்சுப் பச்சைச் சாயம் போட்டா அச்சா தேயிலைச் செடி மாதிரியே இருக்குமாம். டீச்சர் சொன்னாங்க."

நான் பூனாகலையில் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் பிறந்தவள். எங்கள் அம்மா கொழுந்து பறித்தார். அப்பா செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டினார். தேயிலைச் செடி எந்த மாசம் என்ன நிறத்தில் இருக்கும், கவ்வாத்து வெட்டிய மலை தூரத்திலிருந்து எப்படித் தெரியும், மழை வரப்போனால் எப்படிக் கருத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை. என்னிடம் துணி கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது. ஆனால் என் கணவருக்குத் தெரியுமே! அவர் ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. என் வீட்டுத் தேத்தண்ணிச் சக்கையை நானே சுளகில் காயவைத்து, கொழும்புக்காரியிடம் கொடுத்து, அவர் எனக்குத் தேயிலைத் தோட்டம் செய்து காட்ட வேண்டும். அன்றிலிருந்து நான் தேத்தண்ணி குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். சக்கை குறையட்டும் என்றுதான்.

மலை ஒருவழியாக முடிந்து, அதன் சரிவில் லயங்களும் வந்தன. அட்டையில் செய்த வரிசை வீடுகள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு நிறம். வாசலில் ரோஜாச் செடிகள். கூரையெல்லாம் பளிச்சென்ற சிவப்பு. பார்த்த எல்லோரும் "ஐயோ, எவ்வளவு வடிவு!" என்றார்கள். கொழும்பில் வேலை செய்யும் எங்கள் மகள் வீடியோ காலில் பார்த்து, "டீச்சர் ஆன்ட்டிக்குத் தங்கக் கை" என்றாள். நான் போனை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

இதில் மேசையின் ஓரத்தைப் பற்றி யாருமே நினைக்கவில்லை. ப்ளைவுட்டை வாளால் அறுத்த இடம் அறுத்தபடியே இருந்தது. ஐந்தாறு தட்டு மரம் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மூலைகள் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தன. சமையலறைக்குப் போகிற வழியில் இருந்த மூலை சரியாக என் இடுப்பு உயரம். அதில் நான் இடித்துக்கொள்ளாத நாளே இல்லை. என் இடுப்பில் எப்போதும் ஒரு நீலக் கன்றல் இருக்கும். துணி தைக்கிறவளுக்கு ஓரம் அடிக்காத துணியைப் பார்த்தாலே கை அரிக்கும். அப்படித்தான் அந்த மேசையும். அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"என்னங்க, இந்த ஓரத்துக்கு ஏதாவது செய்யுங்க. சிலாம்பு குத்துது."

"செய்வோம், செய்வோம். முதல்ல மலை முடியட்டும்."

மலை முடிந்த பிறகும் சொன்னேன். "டீச்சர் பாலத்துக்கு வர்ணம் அடிக்கணும்னாங்க. அது முடியட்டும்" என்றார். ஹார்ட்வெயார் கடைக்கே முதலாளி. ஓரத்தில் அடிக்க ஒரு பட்டி கொண்டுவர அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் குடும்பத்தோடு வந்திருந்தார். டீச்சரும் இருந்தார். லண்டனிலிருந்து பச்சை நிறத்தில் வந்த எஞ்சினுக்கு டீச்சர் நம்மூர் ரயிலின் நீலத்தை அடித்திருந்தார். அதை எல்லோருக்கும் ஓட்டிக் காட்டினார் என் கணவர். நான் பலகாரத் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தேன். அதே மூலையில் என் சேலை முந்தானை சிலாம்பில் மாட்டிக்கொண்டது. எனக்குத் தெரியாது. நான் நடந்தேன். முந்தானை இழுபட்டு, ஓரத்திலிருந்த தண்டவாளத்தை வாரிக்கொண்டு வந்தது. சுற்று முடித்து இறங்கிய எஞ்சின் அந்த இடத்துக்கு வந்து, சரிந்து, நேராகச் சிமெந்துத் தரையில் விழுந்தது.

எஞ்சினின் முன்பக்கம் உடைந்து தனியாகக் கிடந்தது. நீல வர்ணம் உரிந்து பச்சை தெரிந்தது.

உண்மையைச் சொல்கிறேன். அது விழுந்த அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே பயமும் வந்தது. என் முகத்தில் எது முதலில் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. என் கணவர் குனிந்து எஞ்சினை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு இது ஆரம்பத்துலேருந்தே பிடிக்கல" என்றார்.

எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். டீச்சர் முன்னிலையிலும். "அண்ணே, அக்கா வேணும்னா செஞ்சாங்க? சேலை மாட்டிருச்சு" என்று எனக்காகப் பேசியதும் டீச்சர்தான். அவர் எனக்குப் பரிந்து பேசியது என் கணவர் சொன்னதைவிட அதிகமாகச் சுட்டது. நான் தட்டை வைத்துவிட்டு, முந்தானையைச் சிலாம்பிலிருந்து விடுவித்தேன். நல்ல சேலை. ஓரத்தில் ஒரு சாண் நீளம் கிழிந்திருந்தது.

பிறகு சில நாள் நாங்கள் பேசவில்லை. அவர் எஞ்சினைப் பசை போட்டு ஒட்டினார். டீச்சர் கீழே வருவதை நிறுத்திக்கொண்டார். ஹால் அமைதியாக இருந்தது. இதைத்தானே விரும்பினேன்? ஆனால் அவர் மறுபடியும் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதோடு எனக்கு இன்னொரு ரோஷமும் இருந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த ஓரத்தைச் செய்யாமல் விட்டதுதான் காரணம். அதைச் செய்து காட்டினால்தான் அவருக்கு உறைக்கும்.

கடைக்குப் போனேன். கொழுந்தன் தலைநிமிர்ந்து, "என்ன மதினி, நீங்க வந்திருக்கீங்க?" என்றார்.

"பலகை ஓரத்துக்கு ஒட்ற பட்டி இருக்காமே?"

இருந்தது. பின்பக்கம் பசை தடவிய ஒரு சுருள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி மேலே தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டி என் கையில் பிறந்தது மாதிரி. ஒரே காலையில் மேசையைச் சுற்றி ஒட்டி முடித்துவிட்டேன். பார்க்க அவ்வளவு நேர்த்தி. மறுநாள் விடியக்காலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்திருந்தது. எழுந்து வந்து பார்க்கிறேன், பட்டி அங்கங்கே எழும்பி, காய்ந்த வாழைநார் மாதிரி சுருண்டு நிற்கிறது. என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பென்றால் அன்றைக்குக் கொன்றிருப்பேன்.

பட்டியை உரித்தபோது காரணம் தெரிந்தது. ப்ளைவுட்டின் தட்டுகளுக்கு நடுவில் சின்னச் சின்னப் பொந்துகள். பசைக்குப் பிடிக்க இடமே இல்லை. அவசரப்பட்டுவிட்டேன். பிசிறு வெட்டாமல் யாராவது ஓரம் மடிப்பார்களா? மரத்தூளை மரப்பசையில் குழைத்து எல்லாப் பொந்தையும் அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தேன். அடிக்குமேல் அடியாக, கை மரத்துப்போகிறவரைக்கும் தேய்த்தேன். மூக்கு, முடி, கண் இமை எல்லாம் தூள். பிறகு சமையலறைப் பக்கத்து மூலைக்கு வந்தேன். இதைக் கூராக விடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். பிளவுஸ் கழுத்து வெட்டுகிற அட்டையை வைத்துப் பென்சிலால் வளைவு போட்டு, சின்ன வாளால் அறுத்து, அரத்தால் ராவினேன். அந்த வளைவைக் கையால் தடவிப் பார்த்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

பசறை ரோட்டு மரக்காலைக்குப் போய், மகோகனியில் மெல்லிய சட்டம் இழைத்துத் தரச் சொன்னேன். பலகையின் கனத்தைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருக்கவேண்டும் என்றேன். மேசைக்கு மேலே அந்த அளவு எழும்பி நின்றால் சின்ன வரப்பு மாதிரி இருக்கும். ரயில் தடம் புரண்டாலும் அதில் முட்டி நின்றுவிடும்.

"கதவுக்கா, ஜன்னலுக்கா?" என்று கேட்டார் மரக்காலைக்காரர்.

"ரயிலுக்கு" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

நேரான பக்கங்களை நானே ஒட்டினேன். பசை இறுகும்வரை அழுத்திப் பிடிக்க இடுக்கிக்கு எங்கே போவது? தையலுக்கு வைத்திருந்த அகல எலாஸ்டிக்கை மேசையைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். நன்றாகப் பிடித்தது. நான் வளைத்த அந்த மூலைதான் வழிக்கு வரவில்லை. சட்டத்தைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வளைக்கவேண்டும். ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் நிமிர்கிறது. அதற்கு நாலு கை வேண்டும். அவர் கிளினிக் போயிருந்தார். அவர் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அப்போது டீச்சர் படி இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். வீட்டுக்குள் வருவதா, போவதா என்று தயங்கினார்.

"அக்கா, பிடிக்கட்டுமா?"

வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. அதற்குள் சட்டம் என் கையைவிட்டு நழுவி நெற்றியில் அடித்தது. டீச்சர் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் மூச்சுப் பிடித்து வளைத்தோம். அது மெதுவாக, முனகிக்கொண்டே, மூலையோடு ஒட்டியது. பசை இறுகும்வரை அப்படியே நிற்கவேண்டும். முகத்துக்கு முகம் பக்கத்தில். பேசாமல் எவ்வளவு நேரம் நிற்பது? என் கண்ணுக்கு நேரே அந்தச் சிவப்புக் கூரை லயங்கள்.

"லயம் இப்படி இருக்காது டீச்சர்" என்றேன்.

"ஏன் அக்கா?"

"கூரை இப்படிப் பளபளக்காது. தகரம் துருப்பிடிச்சிருக்கும். காத்துக்குப் பறக்காம மேல கல்லு வச்சிருப்போம். ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு நிறம் எங்கேருந்து வரும்? தோட்டத்துலேருந்து குடுக்கிற ஒரே சுண்ணாம்புதான். மலைத் தண்ணி விழுற பீலி எங்க? பீலி இல்லாம லயமா? தண்ணி புடிக்கிற பீலிக்கரையிலதான் எங்களுக்குச் சண்டையும் சிரிப்பும்."

"எங்களுக்கா?" என்றார் டீச்சர்.

வாயை விட்டுவிட்டேன். இனி என்ன? "நான் பொறந்ததே லயத்துலதான். பூனாகலையில."

டீச்சர் சட்டத்தை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். விடவில்லை. ஆனால் அவர் முகம் மாறியது. "வாசல்ல பாக்கிறப்பெல்லாம் அண்ணேகிட்ட எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா அக்கா? லயத்துக்குள்ள பாத்தவங்க யாராவது இருந்தாச் சொல்லுங்க, கேட்டுட்டுச் செய்யலாம்னு. எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லைன்னாரு. அதான் ஒரு காலண்டர் படத்தைப் பாத்துச் செஞ்சேன்."

தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அந்த வார்த்தை எனக்குள் இறங்கியது. அதுவரைக்கும் டீச்சர்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி என் கணவர்மேல் பாய்ந்தது. தன் பால்ய கதை முழுவதையும் இந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டரின் நாய்க்கு என்ன பெயர் என்பதுவரைக்கும் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான் கேட்டிருக்கிறேன். பொண்டாட்டி எங்கே பிறந்தாள் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. வெட்கமாக இருந்திருக்கும்.

அவர் கிளினிக்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"லயத்தைப் பாத்தவங்க யாரும் உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்கு உடனே விளங்கியது. கதிரையில் உட்கார்ந்தார். "நீதானே சொல்லாதீங்கன்னு சொன்ன" என்றார்.

"நானா? எப்போ?"

"கல்யாணம் முடிஞ்ச புதுசுல. எங்க பெரியம்மா வீட்டு விருந்துல யாரோ 'தோட்டக்காட்டுப் பொண்ணு'ன்னு இளக்காரமாச் சொன்னாங்க. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அழுதுக்கிட்டே சொன்னியே. இனிமே நான் எங்க பொறந்தேன்னு உங்க வாயால யாருக்கும் சொல்லாதீங்கன்னு. சத்தியம் வாங்கின."

நான் மறந்தே போயிருந்தேன். விருந்து ஞாபகம் இருந்தது. அந்தச் சொல்லும் ஞாபகம் இருந்தது. பஸ்ஸில் சத்தியம் வாங்கியது சுத்தமாக ஞாபகம் இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்த மனிதர் அதைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அப்ப எங்கிட்டவாவது கேட்டிருக்கலாமே? லயம் எப்படி இருக்கும்னு?"

"கேட்டா மறுபடி அழுவியோன்னு..." என்று இழுத்தார். "அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்மேலதான். ஓரம் செய்யணும்னு நீ சொல்லிக்கிட்டேதான் இருந்த."

சமையலறைக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன். சக்கையைக் கொட்டாமல் எடுத்துவைத்தேன்.

ஓரத்துக்கு வார்னிஷ் அடித்தபோது அவரும் ஒரு தூரிகை எடுத்துக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தார். ஒரு பூச்சுக் காய்ந்ததும் மெல்லிசாகத் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சு. மலைச்சுற்று மேசையின் விளிம்புக்கு மிக அருகில், உயரத்தில் ஓடும் இடத்தில் வரப்பு போதாது. அங்கே மட்டும் கண்ணாடி மாதிரியான தெளிந்த பிளாஸ்டிக் தகட்டைச் சட்டத்தோடு சேர்த்துத் திருகாணி போட்டார். பார்க்கிறவர்களுக்கு மறைக்காது, பிள்ளைகளின் முழங்கையும் படாது. எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மேசையைச் சுற்றி உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தார். வளைந்த மூலையில் கொஞ்சம் நின்றார்.

"எங்கயும் குத்தல" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் டீச்சரை நானே கீழே கூப்பிட்டேன். ரோஜாச் செடிகளைப் பிடுங்கினோம். கூரைக்குத் துரு நிறம் பூசினோம். நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். லயத்துக்குப் பின்னால் வாழை, முன்னால் பீலி, பீலிக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல், கொஞ்சம் தள்ளி, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா. நாங்கள் ஏழு பேர் ஒரே காம்பராவில், அந்த ஒற்றை அறையில், எப்படிப் படுத்தோம், அம்மா மழையில் நனைந்து வந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் யார் இடம் விடுவது என்று தம்பிகளோடு எப்படிச் சண்டை போட்டேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. டீச்சர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

நிமிர்ந்து பார்த்தால் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு என் கணவர் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"இதெல்லாம் எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நீங்க கேக்கலையே."

"டீச்சர்கிட்டன்னா கேக்காமலே சொல்லுவ" என்று சொல்லிவிட்டு, விறுக்கென்று உள்ளே போய்விட்டார். அன்று முழுவதும் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கவனிக்காத மாதிரி இருந்தேன். எத்தனை மாசம் நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்? அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

இத்தோடு என் பொறாமை ஒழிந்தது என்று சொன்னால் பொய். பீலியில் தண்ணீர் விழுவதை டீச்சர் கண்ணாடி நூலால் செய்து வைத்தார். அதைப் பார்த்து, "ஆகா, டீச்சர்! அப்படியே தண்ணி மாதிரி!" என்று அவர் கைதட்டியபோது எனக்குள் அதே பழைய சுருக். பீலி வேண்டும் என்று சொன்னது நான். அது எங்கே நிற்க வேண்டும் என்று காட்டியதும் நான். டீச்சருக்கு என் முகம் விளங்கிவிட்டது. "அக்காவைச் சொல்லுங்க அண்ணே" என்றார். பெருந்தன்மையான பெண். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் அவருக்குக் கொழும்புக்கே மாற்றல் கிடைத்துப் போனபோது நானே அவருக்கு ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். கை காட்டும்போது கண் கலங்கியது. வீட்டுக்கு நடந்து வரும்போது கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

டீச்சர் போன பிறகு ஒருநாள் என் கணவர், "அந்த லயத்தை எனக்குக் காட்டுவியா?" என்று கேட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் அவரை அங்கே கூட்டிப்போனதில்லை. பண்டாரவளை போய், அங்கிருந்து பூனாகலை பஸ் ஏறினோம். ஏற்றத்தில் நடக்கும்போது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கள் காம்பராவில் இப்போது வேறொரு குடும்பம். முன்னால் சின்னதாகச் சிமெந்துத் தளம் போட்டு, கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். அந்தக் கதவைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் இருந்த பெண் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். முப்பது வயதிருக்கும். சிரித்த முகம். என் கணவர் விடவில்லை. தகரம் எத்தனை, வாசற்படி எவ்வளவு உயரம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கையால் சாண் போட்டு அளந்தார். அவளும் சளைக்கவில்லை. "இங்க வந்து பாருங்க ஐயா, மழை வந்தா இந்த வழியாத்தான் ஒழுகும்" என்று கூட்டிப்போய்க் காட்டினாள். இரண்டு பேரும் அதற்குச் சிரித்தார்கள்.

அது நான் பிறந்த வீடு. அந்த ஒழுக்குக்கு அடியில் சட்டி வைத்தது நான். அதைப் பற்றிக் கேட்க நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

"போதும், வாங்க" என்றேன். "பஸ் போயிரும்."

"அடுத்த பஸ் இருக்குதானே?" என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய், அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, அந்த இடத்தில் கூரை எப்படி ஒழுகும் என்று நானே அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.